மலையகத் தோட்டங்களில் மலசலகூட வசதி

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மலசலகூடம் நெடுங்காலம் வீட்டின் உறுப்பாக இருக்கவில்லை. லயன் காம்பராக்களுக்குச் சற்றுத் தள்ளி, பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு வரிசைக் கக்கூஸ் நிற்கும். மழை இரவில் பெண்கள் தனியே போக அஞ்சுவர். கொழுந்து பறிக்கும் மலையில் அதுவும் கிடையாது.

1916இல் ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் ஆதரவில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, தோட்டங்களில் கக்கூஸ் கட்டுவது வற்புறுத்தப்பட்டது. அந்தப் புழுவால் தொழிலாளிக்கு வரும் சோகை கொழுந்தின் எடையைக் குறைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

வீட்டுக்கொரு கக்கூஸ் அமைவதற்கான தடையின் வேர் நிலவுரிமை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. குடியிருப்பவருக்கோ லயன் நிலம் சொந்தமில்லை; தோட்ட அனுமதியின்றிக் குழி வெட்டவும் முடியாது. தோட்டத்துக்குள் செலவிடப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத் தடை 2018இல்தான் நீங்கியது. வாக்கு மட்டும் அதற்கு முன்பே கேட்கப்பட்டது.

சரிவான நிலம் இன்னொரு சிக்கல். மேல் லயனின் குழி கசிந்தால் கீழ் லயனின் பீலித் தண்ணீர் கெடும். அடைமழையில் குழி நிரம்பி வழியும். தண்ணீர்க் குழாய் வராத இடத்தில் நீரடைப்புப் பீங்கான் பதித்தும் பயன் குறைவு.

தனிவீட்டுத் திட்டங்கள் நிலைமையை ஓரளவு மாற்றின. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 4,000 வீடுகள் ஒவ்வொன்றும் 7 பேர்ச் காணியில், உள்ளேயே கழிப்பறையுடன் அமைந்தன. 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன.