காங்கயம் பசுவின் தாய்வழி

திருப்பூர் என்றவுடன் பனியன்தான் பலர் நினைவுக்கு வரும். நான் பேச எடுத்துக்கொண்டது அம்மாவட்டத்துக் காங்கயம் மாடு. அதிலும் காளையன்று, பசு.

இம்மாட்டின் வரலாறு பெரும்பாலும் காளைகளின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் பொலிகாளைகளைத் தேர்ந்து இனத்தை வளர்த்ததைப் பெரியோர் வியந்து பேசுவர். கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளர்ந்த எருதுகள் ஏர் உழுதன, கவலை இறைத்தன. பசுவைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே.

ஆனால் பசுவுக்கென ஓர் ஏடு இருக்கிறது. உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவது. உட்கருவுக்கு வெளியே, உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. மைட்டோகாண்ட்ரியா ஆதியில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிரே என்பர் அறிஞர். அதன் மரபணுக்களிற் பல காலப்போக்கில் உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன. பெரும்பாலான விலங்குகளின் வளையத்தில் எஞ்சியவை முப்பத்தேழுதான். மாட்டின் வளையம் 1982-இல் முழுதும் படிக்கப்பட்டது. அதில் 16,338 எழுத்துகள். தந்தையின் வளையம் கருமுட்டைக்குள் அழிந்துவிடுவதால், கன்றுக்குக் கிடைப்பது தாயின் வளையமே. தலைமுறைதோறும் அரிதாக ஓர் எழுத்துப் பிறழும்; அப்பிறழ்ச்சிகளை எண்ணிக் காலத்தைக் கணிக்கலாம்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த லாஃப்டஸும் அவர் குழுவினரும் 1994-இல் அவ்வாறு கணித்தனர். ஐரோப்பிய மாட்டின் தாய்வழியும் இந்தியத் திமில் மாட்டின் தாய்வழியும் பிரிந்து குறைந்தது இரண்டு லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் மாட்டைப் பழக்கியதோ ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். எனவே நம் மாடு மேற்கிலிருந்து ஓட்டிவரப்பட்டதன்று. இத்துணைக்கண்டத்திலேயே தனியாகப் பழக்கப்பட்டது. அதே ஆய்வில் ஆப்பிரிக்கத் திமில் மாடுகள் ஒரு புதுமையைக் காட்டின. உருவம் நம் மாட்டினுடையது. வளையமோ திமிலில்லா மாட்டினுடையது. அங்கே திமில் சென்றது காளைகளின் வழியே என்பது புலனாயிற்று.

இச்செய்தி நமக்கு வெகு தொலைவிலில்லை. பம்பு செட்டு வந்தபின் கவலை மறைந்தது. கொறங்காடுகள் பல ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறின. பால் குறைந்த காங்கயம் பசுவுக்குப் பதிலாகச் சீமைக் கலப்புப் பசு தொழுவத்துக்கு வந்தது. காளையின் விந்தை உறையவைத்துக் காக்கிறோமே என்பர். நல்லதே, ஆயினும் அதிலுள்ள வளையம் கன்றைச் சேராது. சீமைப் பசுவோடு காங்கயம் காளையை எத்தனை தலைமுறை சேர்த்தாலும், திமிலும் மயிலை நிறமும் திரும்பலாம். வளையம் சீமைப் பசுவினுடையதாகவே இருக்கும்.