விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் அடிக்கப் போறீங்களா? 'ஓகே' சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

டெய்லரிங் கடை, வீட்டிலேயே கேக் பிசினஸ், டியூஷன் சென்டர்... எதை ஆரம்பித்தாலும் முதல் செலவுகளில் ஒன்று விசிட்டிங் கார்டும் நோட்டீஸும்தான். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் தொழில் தொடங்கும்போது, போன் நம்பரில் ஒரே ஒரு எண் மாறி அச்சான 1,000 நோட்டீஸ் பெரிய நஷ்டம். பிரஸ்ஸுக்குப் போகும் முன் இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க.

ஆஃப்செட்டா, டிஜிட்டலா?

ஆஃப்செட்டில் மல்டிகலர் அச்சுக்கு நான்கு பிளேட் போட வேண்டும். 100 பிரதி அடித்தாலும் 1,000 அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை குறையும். டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது. 50, 100 கார்டு போதும் என்றால் அதுதான் லாபம். கடை முகவரி மாற வாய்ப்பு இருக்கா? 'மொத்தமா அடிச்சா சீப்' என்ற பேச்சுக்கு மயங்காதீங்க.

பேப்பர் எவ்வளவு கனம்?

பிரஸ்ஸில் 'எத்தனை ஜிஎஸ்எம்?' என்று கேட்பார்கள். ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் என்பதுதான் அது. கையில் கொடுக்கும் நோட்டீஸுக்கு 70 முதல் 130 வரை போதும். விசிட்டிங் கார்டுக்கு 300 அல்லது அதற்கு மேல் கேளுங்க.

போனில் பளிச், பேப்பரில் டல்... ஏன்?

போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சில் இருப்பது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை. திரையில் மின்னும் கிளிப்பச்சையை இந்த மைகளால் அப்படியே கொண்டுவர முடியாது. டிசைனை ஆரம்பத்திலேயே 'சிஎம்ஒய்கே'-வில் செய்யச் சொல்லுங்க.

போட்டோவும் ஓரமும்

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க. அச்சாகும் அளவில் 300 டிபிஐ இருந்தால் படம் தெளிவாக வரும். கட்டிங்கில் பேப்பர் லேசாக நகரலாம். அதனால் பின்னணி நிறம் நான்கு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீள வேண்டும். எழுத்துகளை ஓரத்தில் ஒட்டாமல் உள்ளே தள்ளி வையுங்க.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க...

டிடிபி சென்டர்கள் பலவற்றில் இன்னமும் பழைய ஃபான்ட்டுகள் உண்டு. நீங்கள் அனுப்பும் யூனிகோட் எழுத்தை அதற்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறலாம். 'ஸ்ரீ' காணாமல் போகலாம். பைலை பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை 'கர்வ்ஸ்' ஆக்கி, பிடிஎஃப்பாகக் கொடுக்கச் சொல்லுங்க. அதன்பிறகு எழுத்து மாறாது.

கடைசி செக்கிங்

* போன் நம்பரைப் படித்தால் போதாது. அந்த நம்பருக்கு டயல் செய்து பாருங்க.
* கியூஆர் கோடைப் பேப்பரில் பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்யுங்க. பணம் யார் பெயருக்குப் போகிறது என்றும் பாருங்க.
* டிசைனைப் பார்க்காத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்க. நம்ம கண் பழகிய தப்பை அவர் பிடிச்சிடுவார்.
* லோகோவின் ஒரிஜினல் பைலைக் கேட்டு வாங்கிக்கோங்க. அது உங்களுக்குக் கிடைக்குமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிடுங்க.

நீங்கள் 'ஓகே, அடிங்க' என்று சொன்னபிறகு வரும் தப்புக்கு பொதுவாக பிரஸ் பொறுப்பேற்காது. அந்த மெசேஜை அனுப்பும் முன் பத்து நிமிஷம் செலவழிங்க!