பரங்கிமலைக் கல் சொல்வதும் சொல்லாததும்

தோமையார் இந்தியாவுக்கு வந்தாரா, வரலையா? இந்தக் கேள்வியை யார் எழுப்பினாலும் பத்தாவது பின்னூட்டத்துக்குள் அடிதடி ஆகிவிடும். ஒரு கட்சி "கி.பி. 52ல் வந்தார், 72ல் மயிலாப்பூரில் கொல்லப்பட்டார், இதில் பேச என்ன இருக்கு?" என்கும். எதிர்க்கட்சி "எல்லாம் போர்ச்சுக்கீசியர் கட்டிவிட்ட கதை" என்கும். நான் ரெண்டிலும் இல்லை. புரொகிராம் எழுதிப் பிழைக்கிறவன். சிஸ்டம் படுத்துவிட்டது என்று போன் வந்தால், யார் என்ன சொன்னாலும் முதலில் லாக் ஃபைலைத் திறந்து எந்த வரி எப்போது பதிவானது என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதே வேலையை இங்கேயும் செய்து பார்ப்போமே. ஒவ்வொரு சாட்சியிடமும் ரெண்டே கேள்வி: நீ எந்தக் காலம்? உனக்கு எதுவரை தெரியும்?

முதல் சாட்சி ஒரு புத்தகம். 'தோமாவின் நடபடிகள்' என்று பெயர். பைபிளில் சேராதது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில், பெரும்பாலும் எடெஸ்ஸாவில் (இன்றைய துருக்கியில் உள்ள உர்ஃபா) எழுதப்பட்டது. அதில் தோமா ஒரு வணிகனுக்கு அடிமையாக விற்கப்பட்டு, குந்தபார் என்ற இந்திய ராஜாவிடம் வருகிறார். அரண்மனை கட்டச் சொல்லி ராஜா கொடுத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, "அரண்மனை பரலோகத்தில் ரெடி" என்கிறார். நல்ல கதை. ஆனால் அப்படி ஒரு ராஜா இருந்ததாக இந்திய வரலாற்றில் யாருக்கும் தெரியாது.

1830கள் வரைக்கும். அப்போதுதான் ஆப்கானிஸ்தானில் சார்ல்ஸ் மாசன் போன்றவர்கள் சேகரித்த பழைய காசுகளில் கொண்டோபரஸ் என்ற பெயர் கிடைத்தது. ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்து. பிறகு இன்றைய பாகிஸ்தானில் உள்ள தக்த்-இ-பாஹியில் ஒரு கல்வெட்டும் கிடைத்தது. அந்த ராஜாவின் 26ஆவது ஆட்சியாண்டு, சகாப்தம் 103 என்கிறது அது. அந்தச் சகாப்தம் விக்ரம சகாப்தம்தான் என்று எடுத்துக்கொண்டால் கி.பி. 46 வருகிறது. தோமா உயிரோடு இருந்திருக்கக்கூடிய காலம்!

இங்கேதான் பலர் துள்ளிக் குதிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்க. கல்கியின் நாவலில் அருள்மொழிவர்மன் நிஜம். அதற்காக நந்தினி நிஜமாகிவிட மாட்டாள். காசு நிரூபிப்பது ராஜாவை மட்டுமே. அதுவும் அவர் ஆண்டது தட்சசீலம் பக்கம், மயிலாப்பூர் இல்லை. அதே சமயம், உலகமே மறந்துபோன ஒரு ராஜாவின் பெயர் எடெஸ்ஸாவில் மட்டும் ஞாபகத்தில் இருந்திருக்கிறதே, அதையும் சும்மா தள்ளிவிட முடியாது. வணிகப் பாதை வழியாக ஏதோ ஒரு செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சரி, தென்னிந்தியா? கடல்வழி திறந்திருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அரிக்கமேட்டில் 1945ல் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன. முசிறியோடு நடந்த வணிகத்தைப் பற்றிய 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒப்பந்தம் வியன்னாவில் இருக்கிறது. ஆனால் பாதை இருந்தது என்பது வேறு, குறிப்பிட்ட ஓர் ஆள் அதில் வந்தார் என்பது வேறு. தெற்கே கிறிஸ்தவர்கள் இருப்பதாகத் தெளிவாகச் சொல்கிற ஆள் 6ஆம் நூற்றாண்டின் காஸ்மாஸ். இலங்கையிலும், மிளகு விளையும் மலபாரிலும் கிறிஸ்தவர்கள் உண்டு என்று எழுதினார்.

அடுத்த சாட்சி நம்ம ஊர்க்காரர். பரங்கிமலைக் கோயிலில் இருக்கும் கற்சிலுவை. 1547ல் போர்ச்சுக்கீசியர் தோண்டியபோது கிடைத்தது. சுற்றிலும் பஹ்லவி, அதாவது பழைய பாரசீக எழுத்து. எழுத்தின் வடிவத்தை வைத்து 7 முதல் 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். "கிடைத்ததா, செய்து வைத்தார்களா?" என்று சந்தேகப்படுபவர்களுக்கு: அந்த எழுத்தைப் போர்ச்சுக்கீசியரால் படிக்கவே முடியவில்லை. ஏ.சி. பர்னெல் அதைப் பற்றி எழுதியதே 1873ல். இதே மாதிரி சிலுவைகள் கோட்டயத்திலும் உண்டு. பின்னாளில் படித்தவர்கள், இதைச் செய்தவருக்காக மேசியாவிடம் இரக்கம் கேட்கும் வேண்டுதல் என்கிறார்கள். தோமாவின் பெயர் அதில் இல்லை.

கூடவே கொல்லம் செப்பேடுகள். கி.பி. 849. விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்ததை ஒட்டிய காலம். வேணாட்டு அய்யனடிகள், மார் சபீர் ஈசோ கட்டிய தரிசாப்பள்ளிக்கு உரிமைகள் கொடுக்கிறார். சாசனம் வட்டெழுத்தில். சாட்சிகளின் கையெழுத்தோ அரபியில், பஹ்லவியில், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில்! முஸ்லிம், பாரசீகர், யூதர் எல்லோரும் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

போர்ச்சுக்கீசியர் கட்டிய கதை என்பதும் நிற்காது. வாஸ்கோ ட காமா வந்தது 1498. அதற்கு ரெண்டு நூற்றாண்டு முன்பே மார்க்கோ போலோ, தோமாவின் கல்லறை சோழமண்டலக் கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள், அங்கிருந்து சிவப்பு மண் எடுத்துப்போய்க் காய்ச்சலுக்குக் கொடுக்கிறார்கள் என்று எழுதிவிட்டார்.

ஆக, கூட்டிக் கழித்துப் பார்த்தால்: தோமா வந்ததற்கு 1ஆம் நூற்றாண்டுத் தடயம் தென்னாட்டில் இல்லை. வந்தார் என்ற நம்பிக்கை ரொம்பப் பழசு. 6ஆம் நூற்றாண்டு முதல் தெற்கே கிறிஸ்தவர்கள் இருந்தது உறுதி.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். ரெண்டு கட்சியும் போடுகிற சண்டையில் காலடியில் மிதிபடுவது அந்தப் பஹ்லவி எழுதிய மனிதர்கள்தான். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாரசீக மொழியில் ஜெபித்த ஒருவர் சென்னைப் பக்கம் ஒரு குன்றுமேல் தன் வேண்டுதலைக் கல்லில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் கப்பலில் வந்தவரா, இங்கேயே பிறந்தவரா, தமிழ் பேசினாரா? இதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. ஒரு கட்சிக்கு அவர் தோமாவுக்கான ஆதாரம், இன்னொரு கட்சிக்கு அவர் இருப்பதே இடைஞ்சல். அவர் தன்னைப் பற்றித்தான் எழுதினார் என்பதை ரெண்டு பேரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த தடவை பரங்கிமலை ஏறினால் அந்த எழுத்தை ஒரு நிமிஷம் நின்று பாருங்க. பின்னூட்டத்தில் திட்டுவதாக இருந்தால் அதற்கப்புறம் திட்டுங்க :-)