தில்லியின் ‘கும்டி’: ஒரு சொற்பொருள் ஆய்வு

முன்னுரை

கட்டடக்கலைச் சொற்கள் கலைநூல்களோடு நின்றுவிடுவதில்லை. மக்கள் வழக்கில் புகுந்து புதுப்பொருள் பெறுகின்றன. சிறு கும்மட்டத்தைக் குறிக்கும் ‘கும்டி’ என்னும் வடபுலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும். தில்லி ஜங்புராவில் பாராபுல்லா ஓடைக்கரையில் தமிழர் பல்லாண்டுகள் வாழ்ந்த மதராசி கேம்ப், இச்சொல் குறிக்கும் கட்டடங்கள் மலிந்த நிலப்பகுதியில் அமைந்திருந்தது. அச்சூழலில் இச்சொல்லின் பொருள் வளர்ச்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் அதன் உறவும்

பாரசீகக் ‘கும்பத்’ என்பதன் வழிவந்தது ‘கும்டி’ என்பர். தமிழில் வழங்கும் ‘கும்மட்டம்’ என்பதும் அதே மூலத்ததே. எனினும், தமிழ்ச்சொல் கவிந்த கூரையைக் குறிப்பதோடு நின்றது. வடபுலச் சொல்லோ சிறுமைப்பொருள் ஏற்று விரிந்தது. ‘சத்ரி’ இதனின் வேறானது. தூண்கள் தாங்க, சுவரின்றித் திறந்த நிலையில் குடைபோல் அமைவது அது. உமாயூன் கல்லறையின் பெருங்கும்மட்டத்தைச் சூழ்ந்து நிற்பவை சத்ரிகளே. தமிழகக் கோயில் விமானங்களின் தளங்களில் மூலைதோறும் அமையும் ‘கர்ணகூடம்’ என்னும் சிற்றுறுப்பு தோற்றத்தால் இவற்றை நினைவூட்டினும், அதன் மரபு வேறு. மாமல்லபுரத் தருமராச இரதத்தில் அது கி.பி. 7ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. ஆதலின் இவையனைத்தையும் ‘குவிமாடம்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பது பொருள் மயக்கத்திற்கு இடந்தரும்.

பொருள் விரிவு

‘கும்டி’ முதலில் சிறு கும்மட்டத்தையும், பின்னர் அதனையுடைய சிறு கட்டடத்தையும் குறித்தது. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆதலின் இது சினையாகுபெயர் ஆகும். அடுத்த நிலையில் கும்மட்டம் மறைந்து சிறுமை மட்டும் எஞ்சியது. இருப்புப்பாதைக் கடவுக் காவலரின் சிற்றறை கும்டி எனப்பட்டது. கான்பூரில் ‘கும்டி எண் 5’ என்பது ஒரு பகுதியின் பெயராகவே நிலைத்தது. வெற்றிலை, தேநீர் விற்கும் தெருவோரப் பெட்டிக்கடையும் இன்று கும்டியே. தமிழில் ‘மாடம்’ என்னும் சொல்லும் இவ்வாறே நடந்தது. அடுக்குமாளிகையைக் குறித்த அது, விளக்கு மாடம், துளசி மாடம் என எளிய இல்லத்தின் சிற்றுறுப்புகளுக்கும் பெயராயிற்று.

இரு கட்டடங்களும் ஓராண்டும்

ஜங்புராவின் அண்டைப் பகுதியான டிபென்ஸ் காலனியில் லோதியர் காலத்து எண்கோணக் கட்டடமான ‘சேக் அலி கும்டி’ உள்ளது. 1960களிலிருந்து அது குடியிருப்போர் நலச்சங்கத்தின் அலுவலகமாகப் பயன்பட்டு வந்தது. வழக்கின் முடிவில் 2025இல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் அது மீட்கப்பட்டது. அதே ஆண்டு சூன் 1ஆம் நாள், ஓடையின் நீரோட்டத்திற்குத் தடையாக உள்ளது என்னும் காரணத்தால், தில்லி உயர் நீதிமன்ற ஆணைப்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடும்பங்கள் கணக்கிடப்பட்டிருந்தும், நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவில் மாற்றுவீடு பெறும் தகுதி அனைவருக்கும் கிட்டவில்லை. சகாங்கீர் காலத்துப் பாராபுல்லாப் பாலம் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் தாங்கிய ஓடையின் கரையில் வாழ்ந்தோர் அங்கு இல்லை.

முடிவுரை

கல்லறைக்கும் பெட்டிக்கடைக்கும் ‘கும்டி’ பொதுப்பெயராக விளங்குகிறது. சட்டம் கல்லறையைத் தொல்சின்னம் என்று காக்கும். கடையையும் குடிசையையும் ஆக்கிரமிப்பு என்று அகற்றும். சொல் அத்தகைய வேறுபாட்டை ஏற்கவில்லை. ஆகவே கலைச்சொல் அகராதி தொகுப்போர் நினைவுச்சின்னங்களில் வழங்கும் பொருளோடு அமையாது, தெருவில் வழங்கும் பொருளையும் பதிவு செய்தல் வேண்டும். மதராசி கேம்ப் போன்ற குடியிருப்புகளின் வாழிடச் சொற்களும் அங்ஙனம் தொகுக்கப்பட வேண்டியவை. மக்கள் சிதறியபின் அச்சொற்களைத் திரட்டுவது அரிதாகும்.