சிவப்பு நட்டு: நம் பணிமனையின் மிலிட்டரி லாரி

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், உங்க காலத்து ஒர்க்‌ஷாப்பைப் பத்தி நாலு பக்கம் எழுதுங்க" என்றார். 1964-67 அணியில் ஆட்டோமொபைல் பிரிவில் படித்தவன் நான். பணிமனை என்றதும் என் நினைவுக்கு வருவது கட்டடமும் அல்ல, லேத்தும் அல்ல. பின்பக்கக் கொட்டகையில் நின்ற பச்சை நிற மிலிட்டரி லாரிதான். அதன் வரலாற்றை எழுதினால் எங்கள் வரலாற்றையும் எழுதியதாகிவிடும்.

அந்த லாரி பிறந்தது கனடாவில். 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் பேரரசுப் படைகளுக்கு ஏராளமான வண்டிகள் தேவைப்பட்டன. கனடாவிலிருந்த ஃபோர்டு, செவர்லே தொழிற்சாலைகள் ஒரே ராணுவ மாதிரியை வைத்துக்கொண்டு 4 லட்சத்துக்கும் அதிகமான லாரிகளைச் செய்து தள்ளின. எங்களுடையது ஃபோர்டு, 15 அந்தர், அதாவது முக்கால் டன் பாரம் ஏற்றும் வகை. சப்பை மூக்கு. முன்கண்ணாடியின் அடிப்பகுதி உள்வாங்கி, மேற்பகுதி முன்னால் தள்ளி நிற்கும். வெயில் பட்டுப் பளிச்சிட்டு விமானக்காரன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அப்படி. எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருந்ததால் உட்காருகிறவருக்குக் கால் வெந்துவிடும்.

இந்த ஃபோர்டு சேஸிஸை இறக்குமதி செய்து, ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் செய்த கவசத்தை அதன்மேல் பூட்டிய வண்டிகளும் இந்தியப் படையில் ஓடின. 'டாடாநகர்' என்றே அவற்றுக்குப் பெயர்.

1945-ல் போர் முடிந்தது. லாரிகளையும் ஜீப்புகளையும் திரும்பக் கப்பலேற்றிக் கொண்டுபோவது கட்டுபடியாகாத காரியம். ஆகவே 'டிஸ்போசல்' என்ற பெயரில் ஏலம் போட்டார்கள். வாங்கியவர்கள் மரத்தில் பாடி கட்டி லாரியாகவும் பஸ்ஸாகவும் ஓட்டினார்கள். மலைத் தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறின. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர்க்காலத்தில் செய்த ஜீப்புகள் 6 லட்சத்துக்கும் மேல். ஃபோர்டு செய்த ஜீப்பில் போல்ட்டுத் தலையில்கூட 'எஃப்' என்ற எழுத்து இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. பெட்ரோல் செலவு தாங்காதவர்கள், 1950-களில் சென்னை சிம்சன் கம்பெனி தயாரித்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். சுருங்கச் சொன்னால், நம் ஊர் மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறையே இந்த வண்டிகளின் அடியில் படுத்துத்தான் தொழில் கற்றது.

ஏலத்தில் வண்டி கிடைக்கும், புத்தகம் கிடைக்காது. அதுதான் சங்கடம். எங்களுக்குப் புத்தகமாக வாய்த்தவர் எங்கள் பணிமனைப் பயிற்றுநர். ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் ஐ.இ.எம்.இ. படைப்பிரிவு 1943-ல் தோன்றியபோதே அதில் இருந்தவர். 1944-ல் இம்பால் போர்முனையில் லாரிகளைப் பழுது பார்த்தவர். 'ஹவில்தார் சார்' என்போம். ஆங்கிலம் கொஞ்சம், இந்தி நிறைய, தமிழில் மரியாதை குறைவு!

முதல் வகுப்பே ஸ்பானர்தான். அமெரிக்க ஸ்பானரில் அரை அங்குலம் என்றால் நட்டின் தலை அகலம் அரை அங்குலம். பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பானரில் அரை அங்குலம் என்றால் போல்ட்டுத் தண்டின் கனம் அரை அங்குலம். அதன் வாய் அகலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெட்ரிக் முறையும் அப்போது வந்துவிட்டது. மூன்று செட்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, "கண்ணை மூடிட்டு எடுடா" என்பார். தப்பான ஸ்பானர் போட்டு நட்டின் மூலையை மழுக்கினால் அன்று முழுக்கக் கிரீஸ் துடைக்கும் வேலை.

அந்த வி-8 எஞ்சினில் புகை போகும் வழி சிலிண்டர் பிளாக்கின் உள்ளாகவே போகும். அதனால் சீக்கிரம் சூடேறும். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும். பெட்ரோல் பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் கிளம்பும். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்பக்கம் கீழே ஒளிந்திருக்கும். குனிந்து பாயிண்ட் வைக்க முடியாது. கழற்றி மேஜைமேல் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். பிரேக்கில் ஆயில் குறைந்தால் எஞ்சின் ஆயிலை ஊற்றக்கூடாது. கப் வாஷர் ரப்பர் ஊதிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். எல்லாம் அவர் வாய்மொழியாகச் சொன்னவை.

சொல்லாமல் விட்டது ஒன்று.

1966-ல் மேலிடத்து ஆய்வுக் குழு வருகிறது என்று பணிமனைக்கு வெள்ளையடித்தார்கள். லாரிக்கும் பெயிண்ட் அடிக்கும் பொறுப்பு என்னிடமும் இன்னும் இரண்டு நண்பர்களிடமும் வந்தது. உற்சாகமாக அடித்தோம். சேஸிஸ், கதவு, சக்கரம் எல்லாம் பச்சை. சக்கரத்தில் வெளிவட்டத்து நட்டுகளில் மட்டும் மங்கலாகப் பழைய சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று அதன்மேலும் பச்சை அடித்தவன் நான்தான்.

அடுத்த மாதம் இரும்புக் கம்பி ஏற்றிவர லாரி டவுனுக்குப் போயிற்று. பின்சக்கரத்தில் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினார். கடைப்பையனுக்குப் பதினைந்து வயதிருக்கும். ஜாக்கி வைத்தான்; சக்கரத்தைக் கழற்ற நட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்தான், வெளிவட்டத்திலிருந்து.

அந்தச் சக்கரம் சாதாரணச் சக்கரம் அல்ல. இரண்டு பாதிகளாகச் செய்து, நடுவில் டயரை வைத்து, வெளிவட்ட நட்டுகளால் முறுக்கியது. வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்ற உள்வட்ட நட்டுகளை மட்டும்தான் தொட வேண்டும். காற்றை முழுதும் இறக்காமல் வெளிவட்டத்தைத் தொட்டால் இரண்டு பாதிகளும் குண்டு மாதிரி வெடித்துப் பிரியும். அதற்குத்தான் ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்தார்கள்.

பையன் உயிர் பிழைத்தான். வலது கையில் மூன்று விரல்கள் போயின.

செய்தி வந்ததும் ஹவில்தார் சார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மறுநாள் ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்ட்டோடு வந்தார். திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. ஒவ்வொரு நட்டாகப் பச்சையைச் சுரண்டச் சொன்னார். பிறகு மெல்லச் சொன்னார்:

"நீ பெயிண்ட் அடிச்சது தப்பில்ல. இது ஏன் சிவப்பா இருக்குன்னு கேக்கல பாரு, அது தப்பு. நானும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சதாலே எல்லாருக்கும் தெரியும்னு இருந்துட்டேன். அது அதைவிடப் பெரிய தப்பு."

அந்தப் பையன் வீட்டுக்கு அவர் மாதாமாதம் பணம் அனுப்பினார் என்பது அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அதன்பின் நாங்கள் மூவரும் எங்கள் பங்கைச் சேர்த்தோம். அந்த விரல்களுக்கு அது ஈடாகுமா? ஆகாது.

படிப்பு முடிந்து முப்பத்தைந்து வருஷம் வெவ்வேறு பணிமனைகளில் வேலை பார்த்தேன். 1959 முதல் ஜபல்பூரில் செய்த சக்திமான் லாரி, 1969 முதல் அங்கே செய்த ஜோங்கா என்று அடுத்த தலைமுறை ராணுவ வண்டிகளும் ஏலத்தில் என் கைக்கு வந்தன. ஜோங்காவில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் பொருத்துவது அன்றாட வேலை. அப்படி மாற்றிய ஒவ்வொரு வண்டியிலும் என்ன மாற்றினேன், எந்த வண்டியின் உதிரிபாகம் போட்டேன், எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எழுதி, சீட்டின் அடியில் உறைக்குள் வைத்துத் தைத்துவிடுவேன். "இதெல்லாம் யார் சார் படிக்கப் போறாங்க?" என்று சிரித்தவர்கள் உண்டு. ஒருவன் படித்தால் போதும்.

இன்று அந்தப் பழைய வண்டிகளின் கையேடுகளைக் கம்ப்யூட்டரில் பார்க்க முடிகிறது. பழைய ஜீப்பைப் புதுப்பித்து ஓட்டும் இளைஞர்களைக் கண்டால் மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் தம்பிகளே, கையேட்டில் இருப்பது தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட வண்டி. உங்கள் கையில் இருப்பது எழுபது எண்பது வருஷம் பல பட்டறைகளைக் கடந்து வந்த வண்டி. யார் எதை மாற்றினார், எதன்மேல் பெயிண்ட் அடித்தார் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. தெரிந்த கிழவர்கள் நாங்கள் சிலர் இன்னும் இருக்கிறோம், வந்து கேளுங்கள். என் வயதொத்த நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அந்த லாரி 1980-களில் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஒரு சக்கரத்தின் பாதியை மட்டும் பணிமனை வாசலில் தொங்கவிட்டார்கள். இன்றும் வகுப்பு முடிந்ததும் சுத்தியலால் தட்டுவது அதைத்தான். பொன்விழாவுக்கு வந்தபோது பார்த்தேன். வெள்ளிப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். வெளிவட்டத் துளைகளைச் சுற்றி நகத்தால் சுரண்டினால் இன்னும் சிவப்பு தெரிகிறது.

சந்திப்பு விழாவுக்கு வரும்போது ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்ட் கொண்டுவருகிறேன். முதல்வர் அனுமதிப்பார் என்று நம்புகிறேன்.