கிரீக்கின் இருதயம்

நார்வே தேசத்துச் சங்கீத மேதை எட்வர்ட் கிரீக் 1907-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி, தாம் பிறந்த பெர்கன் நகரத்திலேயே, ஓர் ஆஸ்பத்திரியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 64. இருதயம் நின்றுவிட்டது. மாரடைப்பு என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை. திடீரென்று ஒருநாள் அடைத்துக்கொண்ட இருதயம் அல்ல அது. 47 வருஷம் தன் சக்திக்கு மேல் உழைத்துக் களைத்த இருதயம்.

1858 கோடையில் ஓலே புல் என்ற பிடில் வித்துவான் கிரீக்கின் வீட்டுக்கு வந்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கொடி கட்டிப் பறந்தவர், உறவும்கூட. பையனைப் பியானோ வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இவனை ஜெர்மனியில் லைப்ஸிக் சங்கீதக் கல்லூரிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 15 வயதுப் பையன் புறப்பட்டான். 1860-இல் அங்கே ப்ளூரிஸி என்ற மார்புச் சவ்வு நோய் கண்டது. தாயார் ஓடோடி வந்து ஊருக்கு அழைத்துப் போனாள். உயிர் பிழைத்தது, ஆனால் இடது நுரையீரல் பயனற்றுப் போயிற்று. அன்று முதல் ஒரே நுரையீரலின் மூச்சுத்தான். மிச்சத்தை இருதயம் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று.

ஆளும் சிறிய ஆள். சுமார் ஐந்தடி உயரம். பியானோ முன் உட்காரும்போது பீத்தோவனின் இசைப் புத்தகங்களை ஆசனத்தில் அடுக்கி, அவற்றின்மேல் அமர்வாராம்! கச்சேரிக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னத் தவளைப் பொம்மை இருக்கும். மேடை ஏறுமுன் அதைத் தடவிக்கொள்வார். உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் மேடை என்றால் நடுக்கம் உண்டு என்பதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு திருப்தி.

இருதயத்துக்கு வைத்தியர்கள் அறியாத சுமைகளும் உண்டு. கோபன்ஹேகனில் ரிக்கார்ட் நூர்ட்ராக் என்ற இளைஞன் அவருக்குச் சிநேகிதனானான். நார்வேயின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவன் அவன்தான். ஜெர்மானிய வாடையை உதறிவிட்டு நம் மலைநாட்டுக் குரலிலேயே பாடுவோம் என்ற வெறியை கிரீக்குக்கு ஊட்டினான். 1865 இலையுதிர் காலத்தில் இருவரும் சேர்ந்து இத்தாலி போவதாகத் திட்டம். பெர்லினில் நூர்ட்ராக் க்ஷயரோகத்தில் படுத்துவிட்டான். சீக்கிரம் திரும்பி வருகிறேன் என்று கிரீக் வாக்குக் கொடுத்துவிட்டு லைப்ஸிக் போனார். ஆனால் திரும்பவில்லை, அங்கிருந்து நேரே இத்தாலிக்குப் போய்விட்டார். படுக்கையிலிருந்தவன் மனம் கசந்து கடிதம் எழுதினான். 1866 மார்ச்சில் தன் 23-ஆம் வயதில் இறந்தான்.

ஏன் போகவில்லை? சாவைக் கண்டு பயமா? இந்த ரோகம் தம்முடைய ஒற்றை நுரையீரலையும் பற்றிக்கொள்ளும் என்ற அச்சமா? என் அபிப்பிராயம் பின்னதுதான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தி ரோமாபுரிக்கு எட்டியதும் அவர் உட்கார்ந்து ஓர் இரங்கல் அணிநடை இசையை எழுதினார். அதற்குப் பின் அந்த இசை அவரை விடவில்லை. தம் கடைசி ஊர்வலத்தில் அதையே வாசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்.

1867-இல் நினாவை மணந்தார். அவளும் பாடகி, பெரியவர்களுக்குச் சம்மதமில்லாத கல்யாணம். 1868-இல் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கோடையில்தான் அவருடைய புகழ்பெற்ற பியானோ கான்செர்ட்டோ உருவாயிற்று. மறுவருஷம் மே மாதம் மூளைக்காய்ச்சலில் குழந்தை போய்விட்டது. அதற்குப் பிறகு அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

1885-இல் பெர்கனுக்கு வெளியே, ஏரிக்கரையில், டிரோல்ட்ஹௌகன் என்ற வீட்டைக் கட்டினார். ஏரியோரம் ஒரு சிறு குடில், எழுதுவதற்கு. திருடன் வந்தால் இசைத் தாள்களைத் தொடாதே, என்னைத் தவிர யாருக்கும் அவற்றால் பயனில்லை என்று ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார்.

உடம்பு சொல்வதை மட்டும் அவர் கேட்கவில்லை. மேல்மூச்சு வாங்கும், தூக்கம் வராது. ஆனாலும் கச்சேரி என்று அழைப்பு வந்தால் பெட்டியைக் கட்டிவிடுவார். 1907 வசந்தத்திலும் டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் வாத்தியக் கோஷ்டியை நடத்தினார். கோடையில் பெர்ஸி கிரெய்ஞ்ஜர் என்ற ஆஸ்திரேலிய வாலிபன் விருந்தாளியாக வந்தான். அவன் பியானோவைக் கேட்டுக் கிழவருக்கு இளமை திரும்பிற்று. அக்டோபரில் இங்கிலாந்தில் லீட்ஸ் இசை விழாவில் அவன் கான்செர்ட்டோவை வாசிப்பது, இவர் நடத்துவது என்று ஏற்பாடு. செப்டம்பர் தொடக்கத்தில் பிரயாணத்துக்காகப் பெர்கன் வந்து ஹோட்டலில் தங்கினார். வைத்தியர் பார்த்தார்; கப்பலுக்குப் பதில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மறுநாள் எல்லாம் முடிந்தது.

ஊர்வலத்தன்று பெர்கன் தெருக்களில் பல்லாயிரக்கணக்கான மக்கள் நின்றார்கள். கிரீக்கின் உறவுப் பெண்ணை மணந்த யோஹான் ஹால்வோர்சன் வாத்தியக் கோஷ்டியை நடத்தினார். 41 வருஷங்களுக்கு முன் நூர்ட்ராக்குக்காக எழுதிய அந்த இசைதான் ஒலித்தது.

முன்பு ஒருநாள் மாலை நண்பருடன் ஏரியில் மீன் பிடிக்கும்போது, கரைப் பாறை ஒன்றில் கடைசி வெயில் விழுவதைப் பார்த்து, எனக்கு இந்த இடம் வேண்டும் என்றாராம். அந்தப் பாறையைக் குடைந்து 1908-இல் அவர் அஸ்தியை வைத்தார்கள். 1935-இல் நினாவும் இறந்தாள். அவள் அஸ்தியும் அதே பாறைக்குள் இருக்கிறது.