கையேட்டிலிருந்து மூல நிரலுக்கு: இடையடுக்கு மென்பொருள்களின் அமைவுத் தெரிவுகள் ஆவணமான வரலாறு

பயன்பாடுகளுக்கு நடுவே நின்று கோரிக்கைகளையும் செய்திகளையும் கைமாற்றிவிடும் இடையடுக்கு மென்பொருளுக்குப் பெரும்பாலும் தனித் திரை கிடையாது. சர்வர் நிர்வாகி தனக்கு வேண்டியதைச் சொல்ல ஓர் உரைக்கோப்புதான் உண்டு. அதில் எழுதக்கூடிய ஒவ்வொரு தெரிவும் என்ன செய்யும்? எழுதாமல் விட்டால் எந்த மதிப்பு அமலுக்கு வரும்? இந்த விவரங்கள் பதிவாகும் இடம் கடந்த 30 ஆண்டுகளில் மூல நிரலை நோக்கி நகர்ந்திருப்பதை அப்பாச்சி, ரெடிஸ், ராபிட்எம்க்யூ, காஃப்கா ஆகிய நான்கு திறந்த மூலத் திட்டங்களின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

1995இல் வெளிவந்த அப்பாச்சி வெப் சர்வர், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையம் உருவாக்கிய சர்வரிலிருந்து கிளைத்தது. அமைவுகளை மூன்று கோப்புகளில் பிரித்து வைக்கும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது. பிற்பாடு அவை ஒரே கோப்பில் அடங்கின. ஆவணத்தில் அப்பாச்சி செய்த பெரிய காரியம் அதன் வார்ப்பு. ஒவ்வொரு கட்டளைக்கும் தொடரமைப்பு, இயல்பு மதிப்பு, சூழல், எந்த மாட்யூலைச் சேர்ந்தது என்று ஒரே வரிசையில் பதிவு உண்டு. இவற்றில் ‘சூழல்’ முக்கியமானது. ஒரு கட்டளையைச் சர்வர் முழுமைக்கும் எழுதலாமா, ஒரு கோப்புறைக்கு மட்டும் எழுதலாமா என்பதை அதுவே சொல்லிவிடும். ஆனால் கையேடு ஒரு பக்கமும் சி மொழி நிரல் இன்னொரு பக்கமும் இருந்தன. நிரல் மாறினால் கையேட்டையும் திருத்த யாரேனும் நினைவு வைத்திருக்க வேண்டும்.

2009இல் வந்த தரவுச் சேமிப்பு மென்பொருளான ரெடிஸ், விளக்கத்தை அமைவுக் கோப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. அதன் மாதிரிக் கோப்பில் தெரிவுகளைவிடக் குறிப்புரை வரிகளே அதிகம். தரவை வட்டில் எப்போது எழுதுவது என்று தீர்மானிக்கும் ‘அப்பெண்ட்எஃப்சிங்க்’ தெரிவை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை தரவு எழுதப்படும்போதும் உடனே வட்டில் பதித்தால் பாதுகாப்பு கூடும், வேகம் குறையும். இயங்குதளத்திடம் விட்டுவிட்டால் நேர்மாறு. விநாடிக்கு ஒருமுறை என்பது நடுவழி. இதெல்லாம் அந்தத் தெரிவுக்கு மேலேயே எழுதப்பட்டிருக்கும். இதில் ஒரு சிக்கலும் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கட்டளை கொடுத்து மதிப்பை மாற்றினால் கோப்பு பழையபடியே கிடந்தது. 2013இல் வந்த 2.8ஆம் பதிப்பின் ‘கான்ஃபிக் ரீரைட்’ கட்டளை, மாறிய மதிப்புகளைக் கோப்பில் எழுதும்போது கூடுமானவரை குறிப்புரைகளைக் கலைக்காமல் காத்தது.

ராபிட்எம்க்யூவின் சிக்கல் வேறு. 2007இல் எர்லாங் மொழியில் எழுதப்பட்ட இந்தச் செய்தித் தரகரின் அமைவுக் கோப்பும் எர்லாங் தொடரமைப்பிலேயே இருந்தது. அடைப்புக்குள் அடைப்பு, கடைசியில் கட்டாயமாக ஒரு முற்றுப்புள்ளி. அந்த மொழியை அறியாத நிர்வாகிக்கு விளக்கம் எவ்வளவு தெளிவாக இருந்தும் கோப்பு எழுதுவது பெரும்பாடுதான். 2017 நவம்பரில் வந்த 3.7ஆம் பதிப்பு, ஒரு வரிக்கு ஒரு தெரிவு என்ற எளிய வடிவத்துக்கு மாறியது. ரியாக் தரவுத்தளத்துக்காக பாஷோ நிறுவனம் உருவாக்கிய ‘கட்டில்ஃபிஷ்’ கருவி இதற்குக் கைகொடுத்தது. தெரிவின் பெயரையும் அதன் வகையையும் ஒரு ஸ்கீமா கோப்பு அறிவிக்கிறது. இல்லாத தெரிவை எழுதினால் சர்வர் அதைச் சுட்டிக்காட்டி, கிளம்ப மறுக்கும். எளிய வடிவத்தில் அடங்காதவற்றுக்காக எர்லாங் பாணிக் கோப்பு ஒன்று இன்றும் தனியாக உண்டு.

லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்து 2011இல் திறந்த மூலமான செய்திப் பரிமாற்றத் தளமான காஃப்கா இன்னும் ஒரு படி முன்னே போனது. அதன் நிரலில் உள்ள ‘கான்ஃபிக்டெஃப்’ என்ற வகுப்பில் ஒரு தெரிவை அறிவிக்கும்போது பெயர், வகை, இயல்பு மதிப்பு, முக்கியத்துவம் ஆகியவற்றோடு விளக்க வாசகத்தையும் தர வேண்டும். ஆவணத்தின் அட்டவணைகள் இந்த அறிவிப்புகளிலிருந்தே தானாக உருவாகின்றன. செய்திகளை எத்தனை மணி நேரம் வைத்திருப்பது என்ற தெரிவின் இயல்பு மதிப்பு 168, அதாவது ஏழு நாள். நிமிடத்திலோ மில்லிவிநாடியிலோ தனியாகக் குறித்தால் அதற்கே முன்னுரிமை என்ற விளக்கமும் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. நிரலை மதிப்பாய்வு செய்பவரின் கண்ணில் விளக்கமும் சேர்ந்தே படும்.

இத்தனைக்குப் பிறகும் ஆவணமும் நடப்பும் விலகிய நிகழ்வு ஒன்று உண்டு. 2021 செப்டம்பரில் வந்த காஃப்கா 3.0, ஒரே செய்தி இருமுறை பதிவாவதைத் தடுக்கும் வசதியை இயல்பாகவே இயக்க முடிவு செய்தது. ஆனால் ஒரு பிழையால் 3.0.0, 3.1.0 பதிப்புகளில் அந்த இயல்பு மதிப்பு அமலுக்கு வரவில்லை. பயனர் தாமாக எழுதினால் மட்டுமே வசதி இயங்கியது. 3.0.1, 3.1.1, 3.2.0 பதிப்புகளில் பிழை சரிசெய்யப்பட்டது.

இயல்பு மதிப்பை மட்டும் காட்டும் அட்டவணையில் இப்படிப்பட்ட கதைக்கு இடமில்லை. எந்தப் பதிப்பில் எது வேலை செய்யவில்லை, எதில் சரியானது என்பதைக் காஃப்கா குழுவினர் தம் கையால் எழுதும் பதிப்பு மேம்பாட்டுக் குறிப்புகளில்தான் பதிவுசெய்தார்கள்.